94.2%, 15.2/20, 1.8, ஏ ஏ பி, இசட் 1.9: இதுல யாரு ஃபர்ஸ்ட்?

சும்மா_ஒருத்தன்:
வணக்கம் மக்களே, ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன். நண்பர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து வருஷா வருஷம் ப்ளஸ் டூ லெவல் முடிச்ச ஒரு பிள்ளைக்கு காலேஜ் செலவுக்கு கொஞ்சம் உதவி பண்றோம். இதுவரைக்கும் வந்த அப்ளிகேஷன் எல்லாம் ஒரே போர்டு, மார்க்கை வரிசைப்படுத்தினா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். இந்த தடவை குரூப்ல இருக்கறவங்க அங்கங்க சொல்லி விட்டதுல அஞ்சு பேர் அஞ்சு நாட்டுலருந்து அனுப்பியிருக்காங்க. இந்தியா சிபிஎஸ்இ 94.2%, பிரான்ஸ் 20க்கு 15.2, ஜெர்மனி 1.8, இங்கிலாந்து ஏ ஏ பி (மார்க்கே இல்ல, வெறும் எழுத்துதான்), இலங்கை இசட் ஸ்கோர் 1.9.

எக்ஸெல்ல போட்டு எல்லாத்தையும் நூத்துக்கு மாத்தலாம்னு உக்காந்தேன். பிரான்ஸ் 76 ஆச்சு. ஏ ஏ பிக்கு என்ன நம்பர் போடறதுன்னு தெரியல. இலங்கை 1.9 எத்தனைக்கு 1.9னே புரியல. ஜெர்மனி கதையை கேட்டா சிரிப்பீங்க, 1.8னு பார்த்ததும் ஐயோ பாவம் ஃபெயில் ஆனவன் எதுக்கு அப்ளை பண்றான்னு அந்த ஃபைலை தனியா எடுத்து வெச்சிட்டேன், அங்க 1.0 தான் உச்சம், 4.0 தான் பாஸுக்கு கடைசின்னு ஒரு வாரம் கழிச்சு இன்னொரு நண்பர் சொல்லித்தான் தெரியும்.

இதையெல்லாம் ஒரே தராசுல வைக்க ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெண்டாம்_பெஞ்ச்:
முதல்ல அந்த 76ஐ அழிச்சிடுங்க சார். என் பொண்ணு பிரான்ஸ்லதான் பக்கலோரியா (அங்க ஸ்கூல் முடிக்கற பரீட்சை) எழுதினா, அதனால இது எனக்கு பட்டு தெரிஞ்ச விஷயம். அங்க 20க்கு 10 எடுத்தா பாஸ், 12 தாண்டினா "அஸே பியான்" (ஓரளவு நல்லது), 14 தாண்டினா "பியான்" (நல்லது), 16 தாண்டினா "ட்ரே பியான்" (ரொம்ப நல்லது)னு சர்டிஃபிகேட்லயே போட்டு குடுப்பாங்க. உங்க 15.2 பியான், அதுவும் மேல் பக்கம். ஆனா நம்ம கண்ணுக்கு 76% "சுமார்"னு தெரியும், அதுதான் வினை. என் பொண்ணு தத்துவ பேப்பர்ல 13 வாங்கிட்டு குதிச்சுக்கிட்டு வந்தா, மீதி 7 எங்கன்னு கேட்டேன், ரெண்டு நாள் பேசல என்கிட்ட.

அந்த தத்துவ பேப்பர் எப்படி இருக்கும்னா நாலு மணி நேரம். மூணு கேள்வி குடுப்பாங்க, அதுல ஒண்ணே ஒண்ணு எடுத்து எழுதணும். ரெண்டு கேள்வி ஒரே வரில இருக்கும், மூணாவது ஒரு பத்தி குடுத்து விளக்க சொல்லும். பாயிண்ட் பாயிண்டா எழுதி கீவேர்டுக்கு மார்க் வாங்கற வித்தையெல்லாம் அங்க செல்லாது. அதுல 20க்கு 20 எதிர்பார்க்கறதும் கணக்குல 100க்கு 100 எதிர்பார்க்கறதும் ஒண்ணா? 2021லருந்து மொத்தத்துல 40% ரெண்டு வருஷ ஸ்கூல் மார்க்குலருந்து வருது, மிச்சம் 60% தான் கடைசி பரீட்சை, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப ஒரு வேடிக்கை. ஜெர்மனில வெளிநாட்டு மார்க்கை அவங்க கிரேடா மாத்த ஒரு ஃபார்முலா வெச்சிருக்காங்க, பவேரியன் ஃபார்முலான்னு பேரு. அதிகபட்ச மார்க்குலருந்து வாங்கினதை கழி, அதிகபட்சத்துலருந்து பாஸ் மார்க்கை கழி, முதல்ல வந்ததை ரெண்டாவதால வகுத்து மூணால பெருக்கி ஒண்ணை கூட்டு, அவ்ளோதான். உங்க நம்பரை சும்மா போட்டு பார்த்தேன். சிபிஎஸ்இ 94.2க்கு, பாஸ் 33ங்கறதால, 1.26 வருது. பிரான்ஸ் 15.2க்கு 2.44. அதாவது ஃபார்முலா படி சிபிஎஸ்இ பிள்ளை ஜெர்மன் பையனையே தூக்கி சாப்பிட்டாச்சு, பிரெஞ்சு பிள்ளை எங்கயோ கீழ. எந்த ஊர்ல எவ்ளோ தாராளமா மார்க் போடறாங்க, பாஸ் மார்க் 33ஆ 50ஆங்கறதுதான் இங்க வித்தியாசம், பிள்ளைங்க மூளைல இல்ல. ஜெர்மன்காரங்களும் இதை மட்டும் நம்பி உள்ள விடறதில்ல, இந்திய பன்னெண்டாவது மட்டும் இருந்தா நேரா சேர முடியாது, ஒரு வருஷம் காலேஜ் படிச்சிருக்கணும் இல்ல ஜேஇஇ அட்வான்ஸ்டு பாஸ் பண்ணியிருக்கணும்னு தனியா கேக்கறாங்க.

வடலி:
நான் இலங்கையில உயர்தரம் (உங்கட ப்ளஸ் டூ மாதிரி) எடுத்தனான், அதால இசட் புள்ளியைப் பற்றி மட்டும் சொல்லுறன். அது எத்தினைக்கு எத்தினை எண்ட கணக்கே இல்லை அண்ணை. சராசரியில இருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிக்கிறியள் எண்டதுதான்.

ஒரு பாடத்தில எல்லாற்ற சராசரி 45, விலகல் (புள்ளியள் சராசரியில இருந்து பொதுவா எவ்வளவு சிதறி நிக்குது எண்டது) 15 எண்டு வையுங்கோ. அதில ஒரு பிள்ளை 75 எடுத்தா, 75ல 45ஐக் கழிச்சு 15ஆல பிரிக்க 2 வரும். இன்னொரு பாடம் லேசு, சராசரி 65, விலகல் 10. அதில 80 எடுத்த பிள்ளைக்கு 1.5 தான். 75 எடுத்தவர் 80 எடுத்தவரை விட மேல, விளங்குதோ? இப்பிடி மூண்டு பாடத்துக்கும் எடுத்து சராசரி பாக்கிறதுதான் உங்கட அந்த 1.9. முந்தி புள்ளியைச் சும்மா கூட்டித்தான் கம்பசுக்கு எடுத்தவை, லேசான பாடம் எடுத்தவைக்கு வாசி, கஷ்டமான பாடம் எடுத்தவைக்கு நட்டம், அதுக்காகத்தான் 2001ல இதைக் கொண்டு வந்தவை. 1.9 எண்டா அண்ணளவா நூறு பேரில மேல நிக்கிற ரெண்டு மூண்டு பேருக்குள்ள வருவார், நல்ல பெறுபேறு.

ஆனா இன்னொண்டு. அந்தப் பிள்ளைக்கு அங்க விரும்பின பாடம் கிடைக்குமோ இல்லையோ எண்டது 1.9ஐ மட்டும் பொறுத்ததில்லை. 40% இடம் நாடு முழுக்க திறமை அடிப்படையில, 55% மாவட்ட சனத்தொகைப் படி, 5% பின்தங்கின மாவட்டங்களுக்கு. ஒரே வெட்டுப்புள்ளி எல்லா மாவட்டத்துக்கும் இல்லை, ஒரு மாவட்டத்தில உள்ள போற புள்ளி மற்ற மாவட்டத்தில வெளிய நிக்கும், இதால சண்டை பிடிச்ச வீடுகள் கனக்க. நீங்கள் பெறுபேற்றுத் தாளில மாவட்ட நிலையையும் அகில இலங்கை நிலையையும் பாருங்கோ, ரெண்டும் போட்டிருக்கும்.

காகிதக்கப்பல்:
இதெல்லாம் படிச்சா தலை சுத்துது. எக்ஸாம் வெச்சு பிள்ளைங்களை எடை போடறதே தப்பு, ஃபின்லாந்துல எக்ஸாமே கிடையாது, அவங்க நல்லாதானே இருக்காங்க. இல்லன்னா ஈஸியா ஒண்ணு பண்ணுங்க, பிசா (நாடுகளோட ஸ்கூல் படிப்பை ஒப்பிடற சர்வே) ரேங்க்ல எந்த நாடு மேல இருக்கோ அந்த நாட்டு பிள்ளைக்கு கொஞ்சம் போனஸ் மார்க் போட்டுடுங்க.

சிவப்பு_மை:
@காகிதக்கப்பல் தப்பா நினைக்காதீங்க, ரெண்டுமே இடிக்குது. ஃபின்லாந்துல முதல் ஒம்பது வருஷம் தேசிய அளவுல எல்லாரும் எழுதற பரீட்சை கிடையாது, அது வரைக்கும் சரி. மேல்நிலை முடியறப்போ மெட்ரிகுலேஷன் பரீட்சை உண்டு, 1852லருந்து இருக்கு, ஒரு பேப்பருக்கு ஆறு மணி நேரம் வரைக்கும் உக்காரணும், 2019லருந்து முழுக்க லேப்டாப்லதான் எழுதறாங்க. டாப் கிரேடு லௌடாடூர், சுமார் 5% பேருக்குத்தான் கிடைக்கும். இப்ப யுனிவர்சிட்டி சீட்ல பாதிக்கு மேல அந்த சர்டிஃபிகேட் மார்க்கை வெச்சே குடுக்கறாங்க, அதுல பெரிய (அட்வான்ஸ்டு) கணக்கு பேப்பருக்கு பாயிண்ட் ஜாஸ்திங்கறதால கணக்கே தேவைப்படாத படிப்புக்கு போற பிள்ளையும் அதை எடுக்குதுன்னு அங்கயும் புலம்பல்தான். நாம சொல்ற அந்த "எக்ஸாமே இல்லாத நாடு" வாட்ஸப்ல மட்டும்தான் இருக்கு.

பிசா ஒரு பிள்ளையை அளக்கற பரீட்சையே இல்ல. 15 வயசு பசங்கள்ல கொஞ்ச பேரை சாம்பிளா எடுத்து, ஆளுக்கு ஒரு மாதிரி கேள்வித்தாள் குடுத்து, மொத்த நாட்டோட படத்தை வரையறது. 2022ல சிங்கப்பூர் கணக்குல 575, ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளோட கூட்டமைப்பு) சராசரி 472. அதுக்காக சிங்கப்பூர்ல சுமாரா படிக்கற பிள்ளைக்கு போனஸ், இன்னொரு நாட்டுல பிரமாதமா படிக்கற பிள்ளைக்கு நாமமா?

சரி, கேள்வி கேட்டவருக்கு வரேன். நான் வருஷக்கணக்கா பேப்பர் திருத்தினவன், என் அனுபவத்துல பரீட்சைன்னு நாம சொல்றது ரெண்டு வேற வேற மிருகம். ஒண்ணு, "இவ்ளோ தெரிஞ்சா இவ்ளோ மார்க்", பக்கத்துல இருக்கறவன் எப்படி எழுதினான்னு கவலை இல்ல. இன்னொண்ணு, "வரிசைல நீ எத்தனாவது". தென் கொரியால காலேஜ் சேர எழுதற சுனுங் பரீட்சைல ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும். கொரிய மொழி, கணக்கு எல்லாம் ஒம்பது கிரேடு, முதல் கிரேடு மேல இருக்கற 4% பேருக்குத்தான், எல்லாரும் நல்லா எழுதினாலும் 4% தான். ஆனா 2017 நவம்பர் பரீட்சைலருந்து இங்கிலீஷ்ல 90 எடுத்தா யாரா இருந்தாலும் முதல் கிரேடு. அப்ப ஒரே தாள்ல "1, 1"னு பக்கத்துல பக்கத்துல இருக்கும், ரெண்டுக்கும் அர்த்தம் வேற. (லிசனிங் டெஸ்ட்டுக்காக விமானத்தை நிறுத்தறதை எல்லாரும் சொல்வாங்க, எனக்கு இந்த ரெண்டு "1" தான் பெரிய அதிசயம்.)

சீனால காலேஜ் நுழைவுப் பரீட்சையான காவ்காவ் எடுத்துக்கோங்க, ஒரே நாடு, ஆனா பெரும்பாலான மாகாணத்துல 750க்கு, ஷாங்காய்ல 660க்கு, ஹைனான்ல 900க்கு. மாகாணத்துக்கு மாகாணம் சீட் ஒதுக்கீடு வேற. ஒரே நாட்டுக்குள்ளயே 600ஐயும் 600ஐயும் பக்கத்துல வைக்க முடியாது, நீங்க அஞ்சு நாட்டை ஒரே எக்ஸெல்ல வைக்கறீங்க.

அதனால நூத்துக்கு மாத்தற வேலையை விடுங்க. ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் ஒரே கேள்வி கேளுங்க: அதே வருஷம், அதே பரீட்சைல இந்த அளவு இல்ல இதுக்கு மேல வாங்கினவங்க நூத்துக்கு எத்தனை பேர்? சிபிஎஸ்இல 2024 ரிசல்ட்டை பார்த்தா எழுதின சுமார் 16.2 லட்சம் பேர்ல 90க்கு மேல 1,16,145 பேர், 95க்கு மேல 24,068 பேர். அப்ப 90ன்னா மேல இருக்கற 7%, 95ன்னா 1.5%. உங்க 94.2 நடுவுல, 95 பக்கமா. இலங்கை பிள்ளையும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்குதுன்னு வடலி சொல்லிட்டார்.

"அதே வருஷம்"னு சொன்னதை லேசா எடுத்துக்காதீங்க. இங்கிலாந்து ஏ லெவல்ல (அங்க ஸ்கூல் முடிக்கற பரீட்சை, வேல்ஸ், வட அயர்லாந்தும் சேர்த்து) ஏ இல்ல அதுக்கு மேல வந்த ரிசல்ட் 2019ல 25.4%. 2021ல கொரோனாவால பரீட்சை வைக்காம டீச்சருங்களே கிரேடு போட்டப்போ 44.8%. 2024ல 27.8%. எழுத்து அதே ஏ தான். அதுக்கு முன்ன 2020ல ஒரு அல்காரிதம் வெச்சு டீச்சர் குடுத்த கிரேடுல 40% பக்கம் குறைச்சு, பசங்க ரோட்டுக்கு வந்து, நாலே நாள்ல வாபஸ் வாங்கினாங்க. அந்த அல்காரிதம் ஸ்கூலோட பழைய ரிசல்ட்டையும் சேர்த்து பார்த்துச்சு, சுமாரான ஸ்கூல்ல படிச்ச நல்ல பிள்ளை மாட்டிக்கிச்சு. நாட்டுக்கு போனஸ் போட்டாலும் இதே கதைதான் ஆகும்.

சும்மா_ஒருத்தன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒரு சந்தேகம், அஞ்சு பேரையும் எஸ்ஏடி (அமெரிக்க காலேஜ் சேர எழுதற பரீட்சை) எழுத சொல்லிட்டா என்ன? ஒரே பரீட்சை, 1600க்கு ஒரே ஸ்கோர், சண்டையே இல்ல.

வடலி:
அண்ணை, உயர்தரம் தமிழ் மொழி மூலம் எடுக்கலாம். அந்தப் பிள்ளை பௌதிகவியல், இரசாயனவியல் எல்லாம் தமிழில படிச்சு தமிழில எழுதினதா இருந்தா, எஸ்ஏடியில பாதிப் புள்ளி ஆங்கில வாசிப்பும் எழுத்தும். அந்த 800ல அவருக்கு என்ன கிடைக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சிவப்பு_மை:
வடலி சொன்னது கரெக்ட், பிரான்ஸ் ஜெர்மனி பிள்ளைக்கும் அதே கதைதான். இன்னொண்ணு, இப்ப எஸ்ஏடி கம்ப்யூட்டர்ல, ஒவ்வொரு பிரிவும் ரெண்டு பகுதி, முதல் பகுதில எப்படி பண்றாங்களோ அதை வெச்சு ரெண்டாவது கஷ்டமாவோ ஈஸியாவோ வரும். ரெண்டு பேரும் அதே எண்ணிக்கை சரியா போட்டிருந்தாலும் ஸ்கோர் வேறயா வரலாம். இதை அப்பா அம்மாவுக்கு நீங்க உக்காந்து விளக்கணும். போதாததுக்கு பரீட்சை ஃபீஸையும் அவங்க தலைல கட்டப்போறீங்க, உதவி கேட்டு வந்தவங்ககிட்ட.

சும்மா_ஒருத்தன்:
ஃபீஸ் விஷயம் எனக்கு தோணவே இல்ல, எஸ்ஏடி கேன்சல். நூத்துக்கு எத்தனை பேர்ங்கற கணக்கை எடுத்து, மேல 5%க்குள்ள வர்ற எல்லாரையும் சமம்னு வெச்சுட்டு, அதுக்கப்புறம் வீட்டு நிலைமையை பார்த்து முடிவு பண்றதா குரூப்ல பேசியிருக்கோம். தனியா வெச்ச ஜெர்மனி ஃபைலையும் திரும்ப கட்டுல சேர்த்தாச்சு.

ரெண்டாம்_பெஞ்ச்:
அந்த 1.8 எந்த மாநிலத்துலன்னு பார்த்தீங்களா? அபிடூர் (ஜெர்மனில ஸ்கூல் முடிக்கற பரீட்சை) ஒவ்வொரு மாநிலமும் தனியா நடத்தறது, கணக்கு, ஜெர்மன், இங்கிலீஷ் மாதிரி சில பாடத்துக்கு மட்டும்தான் 2017லருந்து பொதுவான கேள்வித் தொகுப்பு வெச்சிருக்காங்க. மொத்தம் 900 பாயிண்ட்ல 600 கடைசி ரெண்டு வருஷ கிளாஸ் மார்க், 300 தான் பரீட்சை.

சும்மா_ஒருத்தன்:
அதையும் பார்க்கணுமா!! இருங்க, ஃபைலை எடுக்கறேன்.