வெள்ளத்தில் மூழ்கிய தாத்தாவின் உளிகள்: துரு போகணும், அவர் போட்ட கீறல் போகக் கூடாது

ஆத்தோரத்துப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு குடியாத்தத்துல கௌண்டன்யா ஆத்துக்குப் பக்கத்துல. 2021 நவம்பர்ல மோர்தானா அணை வழிஞ்சு ஆத்துல வெள்ளம் வந்தப்போ வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. தாத்தாவோட தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. அவர் தச்சு வேலை செஞ்சவர். வெள்ளம் வடிஞ்சதும் அரிசி, துணி, சர்டிபிகேட்டுன்னு ஓடினோமே தவிர பெட்டியை யாரும் திறக்கலை. அப்படியே தூக்கிப் பரண்ல வச்சுட்டாங்க. தாத்தா அப்பவே படுக்கையில, அவரும் கேட்கலை. போன தை மாசம் தவறிட்டார். காரியம் எல்லாம் முடிஞ்சு பரணைச் சுத்தம் பண்றப்போதான் திறந்தேன்.

ஏழு உளி, ஒரு இரும்பு இழைப்புளி, மரம் செதுக்குற வாய்ச்சி ஒண்ணு, கைரம்பம் ரெண்டு, மூலைமட்டம். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சேறும் துருவுமா ஒரே கட்டி. பிரிச்செடுக்கவே அரை நாள் ஆச்சு. இழைப்புளியில திருகு ஒண்ணுகூட அசையலை.

அம்மா குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி ஒரு உளிக்குப் புளி போட்டுத் தேய்ச்சாங்க. இரும்பு கறுத்துப் போச்சு. கழுவி வச்சோம். மறுநாள் காலையில பார்த்தா மேல மஞ்சள் பொடி பூத்த மாதிரி புதுத் துரு!

எனக்கு ஒரு பயம் இருக்கு. தாத்தா தன் சாமான் எல்லாத்துலேயும் அரத்து மூலையால மூணு கீறல் போட்டிருப்பார். ரெண்டு நேரா, மூணாவது சாய்வா. வேலை நடக்கிற எடத்துல பத்துப் பேரோட உளி கலந்து கிடக்குமாம். கண்ணால பார்க்காமலே விரலால தடவி "இது நம்முது"ன்னு எடுப்பாராம். இப்போ அந்தக் கீறல் துருவுக்குள்ள எங்கே இருக்குன்னே தெரியலை. தேய்க்கப் போய் அதையும் சேர்த்துத் தேய்ச்சுடுவேனோன்னு கை வர மாட்டேங்குது.

சும்மா கண்ணாடி அலமாரியில வைக்கிறதுக்காகக் கேட்கலை. ஆயாவோட அருவாமணைப் பலகை அந்த வெள்ளத்துல ஊறி உளுத்துப் போச்சு. அதுக்குப் புதுப் பலகையை இந்தச் சாமான்களாலேயே செய்யணும். நான் இதுவரைக்கும் உளி பிடிச்சதில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வேலூர் மணி:

கக்கூஸ் கழுவுற ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி ஊத்துங்க. பத்து நிமிஷத்துல துரு எல்லாம் போயிடும். லாங்கு பஜார்ல எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

வாலாஜா ஃபிட்டர்:

பாப்பா, அந்த ஆசிட்டை மட்டும் தொடாதே. மணி தம்பி நல்ல மனசோடதான் சொல்றாரு. ஆனா நான் பட்டவன், அதனால சொல்றேன்.

ராணிப்பேட்டையில ஒரு கம்பெனி டூல்ரூம்ல முப்பத்தோரு வருஷம் ஃபிட்டரா இருந்தேன். சேர்ந்த புதுசுல, எங்க நைனாவோட இழைப்புளி துருப்பிடிச்சிருக்குன்னு அதே ஆசிட்ல போட்டுட்டு, ரூமைப் பூட்டிகினு தூங்கப் போயிட்டேன். காலையில திறந்தா சுவத்துல மாட்டியிருந்த அரம், ரம்பம், நான் ஆறு மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கின வெர்னியர் அளவுகோல், எல்லாம் செக்கச் செவேல்னு நிக்குது. ஆசிட்ல போட்டது ஒண்ணே ஒண்ணு. மத்ததுக்கெல்லாம் அந்தப் புகையே போதுமா இருந்துச்சு. இழைப்புளியோட அடிப்பாகம் சொறி பிடிச்ச தோல் மாதிரி குழிகுழியா ஆயிடுச்சு. அந்தக் குழி இன்னிக்கும் இருக்கு. நைனா ஒரு வார்த்தை சொல்லலை, எடுத்துத் துடைச்சு மூலையில வச்சாரு. அவரு திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

சரி, உன் விஷயத்துக்கு வரேன். புளி போட்டதுல தப்பில்லை. புளியும் ஒரு புளிப்புதானே, துருவைத் தின்னும். ஆனா அந்தப் புளிப்பு இரும்புலேயே தங்கிடுச்சு. போதாக்குறைக்கு உங்க ஊர் போர் தண்ணி உப்பு, அதுல கழுவி ஈரத்தோட வச்சுட்டீங்க. புதுசா துரு எடுத்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. காத்தும் ஈரமும் பட்டா ஒரு ராத்திரி போதும்.

முதல்ல சேத்தை மட்டும் கழுவு. அப்புறம் ஒரு பழைய சவரத் தகடை ரொம்பச் சாய்வாப் பிடிச்சு மேல் துருவைச் சுரண்டு. துரு, தான் தின்ன இரும்பைவிட அதிக எடம் பிடிக்கும். அதனாலதான் ஏடு ஏடா எழும்பி நிக்குது, உன் திருகும் அதனாலதான் இறுகிப் போச்சு. எழும்பினது தானாவே உதிரும். கீறல் உள்ளே இறங்கியிருக்கு, அது இருக்கிற எடத்துக்குத் தகடு போகாது. சந்தேகம் இருக்கிற எடத்துல உப்புத்தாளை மட்டும் வைக்காதே. அது மேட்டையும் பள்ளத்தையும் ஒண்ணா ஆக்கிடும், கீறல் அங்கேதான் சாகும்.

அடுத்து வெள்ளை வினிகர், மளிகைக் கடையில கிடைக்கிறதே போதும். இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஐம்பது கிராம் சிட்ரிக் ஆசிட் பொடி. பிளாஸ்டிக் தட்டுல உளியை முழுசா மூழ்க விடு. பாதி வெளியே நின்னா தண்ணி மட்டத்துல கோடு விழுந்துடும். கைப்பிடியைக் கழட்ட முடிஞ்சா கழட்டிடு. மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பழைய பல் தேய்க்கிற பிரஷால தேய்ச்சுப் பாரு. துரு கறுப்புச் சேறா வழிஞ்சு வரும். வந்துட்டா உடனே எடுத்துடணும், ராத்திரி பூரா போட்டுட்டுப் போகாதே. எடுத்ததும் ஆப்பச் சோடா கரைச்ச தண்ணியில ஒரு முக்கு. பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊத்து. சூட்டுல இரும்பு தானாக் காயும். நம்ம ஊர் வெயில் எதுக்கு இருக்கு, பத்து நிமிஷம் மொட்டை மாடியில காட்டு. சூடு ஆறுறதுக்குள்ள தையல் மிஷின் எண்ணெய் தடவிடு. நல்லெண்ணெய் வேணாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும்.

வாய்ச்சியை ஊறப் போடுறப்போ கவனிச்சுப் பாரு. நம்ம ஊர்க் கொல்லர் அடிச்சதா இருந்தா உடம்பு இரும்பு, வாய்ப் பக்கம் மட்டும் எஃகு வச்சு இணைச்சிருப்பாங்க. வினிகர்ல எஃகு கொஞ்சம் கறுக்கும், இரும்பு வெளுத்து நிக்கும், நடுவுல ஆத்துக் கரை மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு வரைக்கும்தான் வாய்ச்சிக்கு ஆயுசு. உன் தாத்தா எவ்வளவு தீட்டியிருக்காரு, இன்னும் எவ்வளவு மிச்சம்னு அதுவே சொல்லிடும்.

குழிக்குள்ள கொஞ்சம் துரு நிக்கத்தான் செய்யும். அதைத் துரத்தாதே. கடுக்காய் தெரியும்ல, ஜவ்வாது மலைக் கடுக்காய். கொட்டையை எடுத்துட்டுத் தோலை இடிச்சு வெந்நீர்ல ஒரு ராத்திரி ஊற வை. வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் அந்தக் காலத்துல தோல் பதனிட்டது இந்தக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் வச்சுத்தான். அதுல இருக்கிற துவர்ப்பு துருவோட சேர்ந்தா நீலக்கறுப்பாகி அப்படியே உட்கார்ந்துக்கும். பழைய காலத்து எழுத்து மையும் இதே சேர்க்கைதான். பிரஷால தடவிக் காய வை, ரெண்டு தரம். கீறல் இருக்கிற எடத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. தேய்மானமே கிடையாது, கறுப்புல கீறல் எடுப்பாத் தெரியும்.

பளபளப்புக்கு ஆசைப்படாதே. உளிக்கு ரெண்டே எடம்தான் கண்ணாடியா இருக்கணும்: வாய்ச் சாய்வும், அதுக்குப் பின்னாடி முதுகுல ஒரு ரெண்டு விரல் அகலமும். மத்த எடமெல்லாம் கறுப்பாவே இருக்கட்டும். ஒரு தடிமனான கண்ணாடித் துண்டு மேல தண்ணித்தாள் ஒட்டி, 220, 400, 800 நம்பர்னு சொரசொரப்புல இருந்து நைசுக்குப் போய், முதுகைத் தட்டையாத் தேய். முதுகு தட்டையாகாம வாயை எவ்வளவு தீட்டினாலும் வெட்டாது. சாய்வு 25 டிகிரி, நுனியில மட்டும் 30. தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுத்துடாதே. சக்கரத்து வேகத்துல நுனி சூடாகி நீலம் பாஞ்சா, அதாவது முந்நூறு டிகிரி கிட்டப் போனா, தோய்ச்சல், அதாவது சுட்டு முக்கி ஏத்தின கடினம், இறங்கிடும். அப்புறம் அது உளி இல்லை, தகடு.

காட்பாடிப் பையன்:

அக்கா, இழைப்புளி உடம்புக்கு மட்டும் ஒரு யோசனை. கரண்ட் வச்சுத் துரு எடுக்கலாம். பிளாஸ்டிக் பக்கெட்ல லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைங்க. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட கறுப்பு வயர் இழைப்புளிக்கு, சிவப்பு வயர் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. ரெண்டும் தொட்டுக்கக் கூடாது, வயரை மாத்திக் கொடுத்துடவும் கூடாது. மாத்திட்டா இழைப்புளி கரைஞ்சு போகும். துரு மட்டும் போகும், நல்ல இரும்புல ஒரு பொட்டுகூடக் குறையாது. அதனால கீறலுக்கும் ஆபத்தில்லை. நான் காலேஜ் ஹாஸ்டல்ல எவர்சில்வர் டம்ளரைச் சிவப்பு வயர்ல மாட்டிச் செஞ்சேன், நல்லா வந்துச்சு.

வாலாஜா ஃபிட்டர்:

தம்பி சொன்ன முறை சரிதான், இரும்புக்கு அது நல்ல வழி. எவர்சில்வர் மட்டும் வேணவே வேணாம். அதுல இருக்கிற குரோமியம் கரைஞ்சு விஷமாத் தண்ணியில இறங்கும். ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியக் கழிவு நிலத்தடி நீர்ல கலந்து கிணறுங்க என்ன கதியாச்சுன்னு பார்த்துகினு வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒரு பக்கெட்டா இருந்தாலும் அந்தத் தண்ணியை எங்கே ஊத்துவே? பழைய இரும்புக் கம்பித் துண்டு, இரும்புத் தகடு, அது போதும். வெளியில, காத்தாட வைங்க. கொப்புளிச்சு வர்றது ஹைட்ரஜன், பக்கத்துல நெருப்பு ஆகாது. ரம்பத்துக்கு இது வேணாம், ஊறப் போடுறதும் வேணாம். மெல்லிசான, விறைப்பான எஃகுல அந்த வாயு ஏறினா நொறுங்கும். ரம்பத்துக்கு டீசலும் சவரத் தகடும் கையும்தான்.

இறுகின திருகுக்கும் டீசல் ஊத்தி ரெண்டு நாள் விடு பாப்பா. பிறகு திருப்புளியை வச்சு மேல லேசா நாலு தட்டு தட்டி, முதல்ல இறுக்குற பக்கம் துளி திருப்பு, அப்புறம் கழட்டுற பக்கம்.

ஆம்பூர்க்காரி:

ஒண்ணு சேர்த்துக்கிறேன். தீட்டின பிறகு கடைசியாத் தோல்ல இழுத்தா வாய் இன்னும் நல்லா வரும். ஷூ மேல்பாகத்துக்குப் போற மெத்துமெத்துத் தோல் வேணாம். அடிப்பாகத்துக்கு வெட்டுற விறைப்பான தோல்ல துண்டு கேளுங்க, எங்க ஊர்ல எடைக்குக் கிடைக்கும். பலகையில ஒட்டிப் பாலீஷ் போடுற பச்சைச் சோப்பைத் தேய்ச்சுக்கோங்க. உளியைப் பின்பக்கமா மட்டும் இழுக்கணும், முன்னாடி தள்ளினா தோல் அறுந்துடும். ஆனா அழகா இருக்கேன்னு உளிக்குத் தோல் உறை தைச்சு மூடி வைக்காதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், உள்ளுக்குள்ளேயே துரு ஏறும். எங்க அண்ணன் கத்தி அப்படித்தான் போச்சு.

ஆத்தோரத்துப் பேத்தி:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். ஐயா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி.

ஏழு உளியும் வெளியே வந்துடுச்சு. முதல் உளியில கீறல் தெரிஞ்சப்போ கடுக்காய்த் தண்ணி இன்னும் காயக்கூட இல்லை. கழுத்துல, கைப்பிடி தொடங்குற எடத்துக்கு ஒரு விரல் கீழே, ரெண்டு நேர்க்கோடு, ஒரு சாய்வு. சாய்வுக்கோடு மத்ததைவிட ஆழம். கடைசிக் கோட்டுல அரத்தை அழுத்தி இழுத்து முடிச்சிருக்கார்னு தெரியுது. ஆயாகிட்ட கொடுத்தேன். கண்ணாடி போடாம, கட்டைவிரலால ஒரு தரம் தடவிட்டு மடியில வச்சுக்கிட்டாங்க.

ஆறு உளியில அதே கீறல். ஏழாவதுல இல்லை. அதுல நாலு புள்ளி இருக்கு, ஆணியால குத்தின மாதிரி. அதுக்குக் கீழே ஆங்கிலத்துல 'ஷெஃபீல்டு', 'கேஸ்ட் ஸ்டீல்'னு எழுத்து. நாங்க யாரும் அதைப் பார்த்ததே கிடையாது. ஆயாவைக் கேட்டா, "அது மேஸ்திரியுது. உன் தாத்தா தொழில் கத்துகினு வெளிய வர்றப்போ அவரு கொடுத்தது. தன் கோடு அதுல போட மாட்டேன்னுட்டாரு"ன்னாங்க. எனக்கு இது இப்பதான் தெரியும். எங்க அம்மாவுக்கும் இப்பதான் தெரியும்.

புளி போட்ட உளிதான் ரொம்பக் குழி. அதைப் பலகையில பழகுறதுக்கு வச்சிருக்கேன். இழைப்புளித் திருகு நீங்க சொன்ன மாதிரியே இறுக்குற பக்கம் திருப்பினதும் கிரீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு விட்டுக் கொடுத்துச்சு. நேத்து ஒரு வேப்பம்பலகைத் துண்டுல இழைச்சுப் பார்த்தேன். முதல்ல தூள்தான் வந்துச்சு. தகட்டை மறுபடி தீட்டிப் போட்டதும் ஒரு முழ நீளத்துக்குச் சுருள் வந்துச்சு.

ஒரு சந்தேகம். ஏழாவது உளியில 'கேஸ்ட் ஸ்டீல்'னா வார்ப்பிரும்பா? தீட்டினா உடைஞ்சுடுமா? வாய்ச்சி காலையில இருந்து வினிகர்ல ஊறுது, சாயங்காலம் எடுத்துப் பார்த்துட்டு அந்தக் கோடு தெரியுதான்னு எழுதுறேன்.

வாலாஜா ஃபிட்டர்:

வார்ப்பிரும்பு இல்லைம்மா. மூசையில, அதாவது உலோகம் உருக்குற மண் குப்பியில, உருக்கி வார்த்த எஃகு. 1740-கள்ல ஷெஃபீல்டுல ஹன்ட்ஸ்மேன்னு ஒருத்தர் கொண்டு வந்த முறை. நம்ம பக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே மூசையில வச்சு எஃகு எடுத்துகினு இருந்தாங்க, 'உருக்கு'ங்கிற பேரே அதுலதான் இருக்கு. தைரியமாத் தீட்டு, நல்ல எஃகு. உன் ஏழுலேயும் அதுதான் வாயை ரொம்ப நேரம் வச்சிருக்கும். பலகையோட கடைசி இழைப்புக்கு அதை எடு.

வாய்ச்சியை இப்பவே வெளியே எடுத்துடு, சாயங்காலம் வரைக்கும் வேணாம். சோடாத் தண்ணி தயாரா வச்சுக்கோ.