மறு: பழைய காரின் ‘நம்பகத்தன்மை’க்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியாவில் வண்டிகளுக்குக் கட்டாயமான எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனையின் பதிவுகளை வைத்துப் பழைய காரை எடைபோடுவது பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் கேட்டிருந்தேன். மறுமொழி தந்த எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ரிலையபிலிட்டிக்கு நம்பகத்தன்மை என்றுதானே எழுதிவருகிறோம். புதுச்சொல் எதற்கு?

சாட்சியின் நம்பகத்தன்மை, செய்தியின் நம்பகத்தன்மை என்றால் எனக்கு மறுப்பே இல்லை. பழைய கார் என்று வரும்போது மூன்று கேள்விகள் அந்த ஒரே சொல்லுக்குள் போய் அடைந்துகொள்கின்றன. பதிவில் இருப்பது உண்மையா? சோதித்த அன்று வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருந்ததா? வாங்கின பிறகு மக்கர் பண்ணாமல் ஓடுமா? முதலாவதற்கு நம்பகம் இருக்கட்டும். இரண்டாவதற்குச் சாலைத்தகுதி, லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. காட்டுகிற நம் ஊரில் ‘தகுதிச் சான்று’ ஏற்கெனவே புழங்குகிறது. மூன்றாவதற்குத்தான் சொல் வேண்டும். என் பரிந்துரை: உழைதிறன்.

பிரித்தே ஆகவேண்டுமா என்றால், ஆம். எம்.ஓ.டி. சோதனை 1960-இல் தொடங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் காருக்கு மூன்று வயதானதும் முதல் சோதனை, பிறகு ஆண்டுக்கொரு முறை. வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும், 2005 முதலான முடிவுகளை அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்: தேறியதா, தவறியதா, அன்று மீட்டரில் எத்தனை மைல், என்னென்ன குறை. வாங்குகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் பார்ப்பதெல்லாம் பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், விளக்கு, துரு, புகை போன்றவை. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எப்படி இருக்கின்றன என்று சோதிப்பதில்லை. எல்லா ஆண்டும் ஒரே தடவையில் தேறிய காரின் கிளட்ச் அடுத்த மாதமே போகலாம். அதைப் போய் ‘நம்பகத்தன்மைச் சோதனையில் தேறிய கார்’ என்று எழுதினால் வாசகரின் பணத்தோடு விளையாடுகிறோம்.

ஜெர்மனியில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எண்ணுகிறார்கள். டியூவ் என்ற வாகனச் சோதனை நிறுவனங்களின் அறிக்கை, கட்டாயச் சோதனையில் கண்ட குறைகளை மாடல்வாரியாக, வயதுவாரியாகத் தருகிறது. ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம், வழியில் நின்றுபோன வண்டிகளை எண்ணுகிறது. பின்னதில் முதலிடம் பிடிக்கும் காரணம் பேட்டரி. பேட்டரி சோர்ந்திருப்பதைத் தகுதிச்சோதனை கண்டுசொல்லாது.

> உழைப்பு என்றால் கூலியும் வியர்வையும்தான் நினைவுக்கு வருகின்றன. காருக்குப் பொருந்துமா?

செருப்புக் கடையிலும் மிக்சி கடையிலும் நாம் கேட்பதே ‘நல்லா உழைக்குமா?’ என்றுதானே. பொருள் உழைப்பது தமிழில் எப்போதும் உள்ள வழக்கு, யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அதோடு உழைதிறன் வினைத்தொகை. உழைத்த திறன், உழைக்கின்ற திறன், உழைக்கும் திறன் மூன்றும் அதில் அடக்கம். பதிவேட்டில் இருப்பது இதுவரை உழைத்த கதை; வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது இனி உழைக்குமா என்பது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா என்று தெரியவில்லை.

‘அது டியூரபிலிட்டி அல்லவா?’ என்று பொறியாளர் ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்விதான். எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு ‘நீடிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். எத்தனை தடவை பழுதாகும் என்பது உழைதிறன்.

> அட்வைசரிக்கு ‘ஆலோசனை’ போதும்.

இதில்தான் எனக்கு உறுத்தல் அதிகம். 2018 மே முதல் பிரித்தானியாவில் குறைகளை அபாயக் குறை, பெருங்குறை, சிறுகுறை என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தவறிவிடும். இவற்றுக்குக் கீழே, ‘இப்போது குறையில்லை, கண் வைத்திருங்கள்’ என்று சோதகர் எழுதும் வரிகள் தனி; அவைதான் அட்வைசரி. ‘ஆலோசனை’ என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம் என்று ஆகிவிடுகிறது. பதிவிலேயே அதிகம் பேசுவது அந்த வரிகள்தான்.

இப்படி ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு: தேறியது, பின்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் துரு என்று ஒரு வரி. அடுத்த ஆண்டும் தேறியது, அதே வரி. மூன்றாம் ஆண்டு: இடப்பக்கப் பின் ஸ்பிரிங் உடைந்துள்ளது, தவறியது. அன்று மாலையே மறுசோதனையில் தேறியது. ஸ்பிரிங் இப்போது புதிது, அதனால் கவலையில்லை. ஆனால் இரண்டு வருடம் எழுத்தில் சொல்லியும் உடைகிறவரை தொடாத உரிமையாளர், ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பாரா? சோதனை இன்ஜினைப் பார்க்கவில்லை, ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொரு காரில் ‘முன் டயர் 1.6 மி.மீ. வரம்பை நெருங்குகிறது’ என்று இருந்து அடுத்த ஆண்டு அந்த வரியே இல்லை என்றால், சொன்னதைக் கேட்டுச் செய்கிற ஆள். முகப்பு விளக்கு எரியாமல் ஒருமுறை தவறியிருந்தாலும் நான் அந்தக் காரைத்தான் பார்க்கப் போவேன்.

அதனால் ‘கவனக்குறிப்பு’ என்கிறேன். நீண்ட கவனக்குறிப்புப் பட்டியல் ஒரே ஆண்டில் மாயமாகிவிட்டால் பழுதுபார்த்த ரசீதைக் கேளுங்கள் என்ற வரியும் கட்டுரையில் வரும். 2020-இல் சோதனை தள்ளிப்போயிருந்தால் மட்டும் சந்தேகப்படவேண்டாம். கொரோனாவுக்காக ஆறு மாத நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள்.

> எங்கட பக்கம் ஜப்பான் ஏலத் தாளைப் பார்த்துத்தான் வாகனம் எடுக்கிறது. அதையும் சேருங்கோ.

கட்டாயம் சேர்க்கிறேன் அண்ணா. ஏலத்துக்கு வரும் வண்டியைப் பார்த்து அதன் நிலையை எழுதிவைக்கும் தாளுக்கு ஏலத் தாள் என்ற சொல்லே நன்றாக இருக்கிறது. 4.5 என்ற தரமோ, விபத்தில் அடிபட்டுச் சரிசெய்ததைக் காட்டும் ஆர் குறியோ, ஏலத்துக்கு வந்த அன்றைய நிலை மட்டும்தான். ஆகவே ‘சோதனை வரலாறு’ என்ற தலைப்பில் சேர்க்காமல், ‘நிலைமதிப்பீடு’ என்று தனியாகப் போடலாம் என்று நினைக்கிறேன்.

மைலைக் குறைத்துக் காட்டும் மோசடிக்கு ‘மீட்டர் திருப்புதல்’ என்று மெக்கானிக்குகள் சொல்வதையே வைத்துக்கொள்ளலாம். முந்தைய ஆண்டைவிட எண் குறைந்திருந்தால் முதலில் தட்டச்சுப் பிழையா என்று அடுத்தடுத்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவேன்.

உழைதிறன், கவனக்குறிப்பு இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். நிலைமதிப்பீட்டைவிட எளிய சொல் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.