மழையில் பினாங்கு: இறங்கியவர்கள் சொல்கிறார்கள்

நாகப்பட்டினத்திலிருந்து:

சிங்கப்பூரில் கிளம்பும் உல்லாசக் கப்பலில் ஐப்பசி மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். மலேசியாவின் பினாங்குத் தீவைத் தொட்டபோது காலையிலேயே மழை கொட்டியது. பலர் அறையை விட்டே வரவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: தயங்காமல் இறங்குங்கள்.

ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கிறது. வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் விக்டோரியா மகாராணியின் வைர விழா மணிக்கூண்டு. அதைத் தாண்டினால் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள். அங்கே கடைவீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டிருக்க, அடியில் நடைபாதை ஓடுகிறது. அவ்வூர்த் தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். தெருவைக் கடக்கும்போதுதான் குடை தேவைப்பட்டது. ஈரத்தில் தரை ஓடு வழுக்கும். தேய்ந்த செருப்போடு போகாதீர்கள்.

குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவுக்குப் போனோம். நம் நாகூர் ஆண்டவரின் நினைவாக, நம் கரையிலிருந்து போனவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிய இடம். மழைக்கு ஒதுங்கி நின்ற பெரியவர் ஒருவர், "எந்த ஊர் தம்பி?" என்றார். நாகப்பட்டினம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அத்தா, அக்காலத்தில் நாகையிலிருந்து பினாங்குக்கு ஓடிய ரஜூலா என்ற கப்பலில் வந்தவராம். அந்தக் காலத்தில் கப்பல் நாகையில் கரைக்கு வராது. தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலையில் படகு எழும்பும் நேரம் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்று அவருடைய அத்தா சொல்வாராம். நாகூர் கந்தூரியைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மழை விட்ட பிறகும் நாங்கள் கிளம்பவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணா எழுதியிருப்பது சரி. வயதான அம்மாவோடு போனதால் நான் ஒன்றைச் சேர்க்கிறேன். மழை நாளில் பினாங்கு மலை ரயிலுக்கு அலையாதீர்கள். உச்சியை மேகம் மூடியிருந்தால் கீழே ஊரும் தெரியாது, கடலும் தெரியாது. நாங்கள் தமிழர் கடைகள் நிறைந்த மார்க்கெட் தெருப் பக்கமே சுற்றினோம். அம்மா பூக்கடை வாசலில் நின்று, தஞ்சாவூரில் கதம்பம் எப்படிக் கட்டுவார்கள் என்று கடைக்காரப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகு நாளாகிறது. சைவச் சாப்பாடு வாழையிலையிலேயே கிடைத்தது. சக்கர நாற்காலி மட்டும் சிரமம். அஞ்சடி கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது.

திருவாரூரிலிருந்து:

ஐப்பசியில் எங்களால் வயலை விட்டு நகர முடியாது. சம்பாப் பயிரில் தண்ணீர் தேங்கினால் வடிய வைக்க ஆள் வேண்டும். அறுவடை முடித்து மாசியில் போனோம். அங்கே மழை குறைந்த காலம் அதுதான். அப்படியும் மாலையில் இடியோடு ஒரு மழை வந்தது.

கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மழை வந்ததும் வாடகைக் கார் கிடைப்பது அரிது. எங்களோடு வந்த ஒரு தம்பதி தொலைவில் உள்ள கோயிலுக்குப் போய், கார் கிடைக்காமல் தவித்து, ஏணியை எடுக்கும் தறுவாயில் நனைந்தபடி ஓடி வந்தார்கள். பிந்தியவர்களுக்காகக் கப்பல் நிற்காது. துறையிலிருந்து நடந்தே திரும்பக்கூடிய தூரத்தில் இருந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.