மாத்திரை முதலா, டெஸ்ட் முதலா?

முதுநகர்க்காரன்:
காய்ச்சல், ஒன்றுக்குப் போனால் எரிச்சல். டாக்டர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், எழுதிவிட்டார். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாளாம். கூலிக்குப் போகிறவன் அதுவரை படுத்துக் கிடப்பதா? தெருமுனை மெடிக்கலில் கேட்டால் உடனே செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தருகிறார்கள். இந்த டெஸ்டெல்லாம் லேப் கமிஷனுக்குத்தான்.

லாஸ்பேட்டை லேப்:
கமிஷன் வாங்குபவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை தம்பி. சாம்பிளைக் கொடுத்துவிட்டு, டாக்டர் எழுதும் மாத்திரையை அன்றைக்கே தொடங்கலாம். முதல் டோஸுக்கு முன் சாம்பிள், அவ்வளவுதான். மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கிருமி வளர்க்கும் பிளேட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். கிருமி உள்ளேயே இருக்கும். அப்புறம், சிறுநீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே கிருமி பெருகிவிடும்.

முதுநகர்க்காரன்:
அப்போது முதல் மாத்திரை குத்துமதிப்புதானே? அதிலேயே சரியாகிவிட்டால் டெஸ்ட் தண்டம்!

லாஸ்பேட்டை லேப்:
சரியாகாவிட்டால்? யூரினில் அதிகம் வரும் ஈ.கோலை என்ற கிருமி பல நேரம் செஃபிக்சிமுக்கு அடங்குவதில்லை. எதற்கு அடங்கும் என்று ரிப்போர்ட்தான் சொல்லும். இன்னொன்று: 2014 மார்ச்சிலிருந்து அந்த மருந்து அரசின் எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதை நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் மெடிக்கல்காரர் எழுதுகிறாரா?

நெல்லிக்குப்பம் நர்ஸம்மா:
லேப் சார், எல்லாக் காய்ச்சலும் பிளேட்டில் வளராது. மழைக்காலத்தில் நம் பக்கம் வரும் ஸ்க்ரப் டைபஸ் (சின்ன உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) வழக்கமான கல்ச்சரில் வரவே வராது. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரி கருப்புப் புண் இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவார்கள். எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வலுத்தாலும் அப்படியே. இன்னொரு பக்கம், வைடால் என்ற ரத்த டெஸ்டை ஒரே ஒரு தடவை பார்த்து டைபாய்டு என்று ஊசி போடுகிறார்களே, அதுவும் டெஸ்ட்தான்!

முதுநகர்க்காரன்:
பார்த்தீர்களா, அக்கா என் கட்சி.

நெல்லிக்குப்பம் நர்ஸம்மா:
அவசரப்படாதீங்க. மெடிக்கல் கவுண்டரில் யார் உங்கள் அக்குளைத் தூக்கிப் பார்க்கிறார்கள்? ஸ்க்ரப் டைபஸுக்கு செஃபிக்சிம் கேட்காது.

லாஸ்பேட்டை லேப்:
வைடால் விஷயத்தில் நர்ஸம்மா சொல்வது உண்மை. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவர் செக்கப்புக்கு யூரின் கல்ச்சர் கொடுத்து, ஏதோ வளர்ந்ததென்று ஆன்டிபயாடிக் விழுங்குவதும் பெரும்பாலும் வீண். கர்ப்பிணிகளுக்குக் கதை வேறு. ஆனால் மருந்தை நிறுத்தவும் டெஸ்ட் உதவும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவுக்கான என்எஸ்1 ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் அது வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

முதுநகர்க்காரன்:
சரி, சாம்பிள் கொடுக்கிறேன். ஆனால் தனியார் லேபில் காசு. புதுச்சேரி ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தால் கோரிமேடு வரை பஸ், அப்புறம் ஓ.பி. வரிசை, ஒரு நாள் கூலி போச்சு. மெடிக்கலில் ஏன் கூட்டம் நிற்கிறது என்று இரண்டு பேரும் பேசவே இல்லையே?