மழைக்காலம் வந்தாலே திரும்பும் குதிகால் வலி: மும்பையில் என்ன செய்வது?

முலுண்ட்வாசி

வயது 44, ஆண். வலது குதிகாலின் அடியில், உள்பக்கமாக வலி. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில்தான் உச்சம். கொஞ்சம் நடந்ததும் தணிகிறது. மாலையில் தாதர் பாலம் ஏறி மேற்கு ரயில் பக்கம் மாறும்போது மறுபடியும் குத்துகிறது. பிளாண்டார் ஃபேசியைடிஸ் (உள்ளங்கால் பட்டையின் பாதிப்பு) என்று எலும்பு மருத்துவர் உறுதி செய்துவிட்டார். எக்ஸ்ரேயில் சின்னதாக ஹீல் ஸ்பர், அதாவது குதிகால் எலும்பில் முள் போன்ற வளர்ச்சி, தெரிகிறது. சர்க்கரை இல்லை.

ஐஸ் பாட்டில் உருட்டுவது, சுவரைப் பிடித்து ஆடுதசையை இழுப்பது, சிலிக்கான் ஹீல் கப் எல்லாவற்றுக்கும் வலி குறைகிறது. ஆனால் ஜூனில் மழை பிடித்ததும் திரும்பிவிடுகிறது. எனக்குத் தெரியவேண்டியவை: ஏன் திரும்புகிறது? வலுவேற்ற என்ன பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு எடை? ஊசி போடலாமா? பொத்தாம்பொதுவாக இல்லாமல் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சயான் பிசியோ

சார், நீங்கள் செய்துவருவது எல்லாமே வலியைத் தணிக்கும் வேலை. அது வேண்டியதுதான். ஆனால் உள்ளங்கால் பட்டையின் தாங்கும் சக்தி அதனால் கூடாது. வலி நின்றதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். பட்டை பழைய பலவீனத்தோடே இருக்கிறது. மழைக்காலத் தட்டைச் செருப்பு வந்ததும் பாரம் கூடி, அதே இடத்தில் கிளம்புகிறது.

அந்தப் பட்டை குதிகால் எலும்பின் அடியில் உள்பக்கம் தொடங்கி விரல்களின் அடிவரை போகிறது. நடக்கும்போது குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும் ஒவ்வொரு முறையும் அது இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. தூக்கத்தில் பாதம் முன்பக்கம் சாய்ந்து கிடப்பதால் பட்டை தளர்ந்திருக்கும். எழுந்ததும் உடல் எடை முழுவதும் ஒரே நொடியில் அதை இழுக்கிறது, அதுதான் காலை வலி. நாள்பட்ட நிலையில் அங்கே வீக்கத்தைவிட இழைகளின் சிதைவுதான் அதிகம். மாத்திரையால் மாதக்கணக்கில் சமாளிக்க முடியாமல் போவது இதனால்தான்.

வலுவேற்ற நான் சொல்வது, 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 48 பேரிடம் சோதித்த முறை. பட்டையை இழுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட எடைப்பயிற்சி செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்தன. அதாவது இது மந்திரமல்ல, சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகும் வழி. நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்டடத்தின் மாடிப்படியே போதும். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்களை அதன்மேல் ஏற்றி, ஒற்றைக் காலில் நில்லுங்கள். குதிகால் படிக்கு வெளியே தொங்க வேண்டும். கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம், தொங்கக் கூடாது. 3 நொடியில் குதிகாலைத் தூக்குங்கள், மேலே 2 நொடி நிறுத்துங்கள், 3 நொடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும்.

முதல் இரண்டு வாரம் 12 தடவை வீதம் 3 சுற்று. அடுத்த இரண்டு வாரம் முதுகுப்பையில் எடை போட்டு 10 தடவை வீதம் 4 சுற்று. அதன்பின் எடையை இன்னும் ஏற்றி 8 தடவை வீதம் 5 சுற்று. எடைக்குக் கணக்கு இதுதான்: 12 என்றால் 13ஆவது தடவை தூக்க முடியாத அளவு இருக்க வேண்டும். சுலபமாக 20 வருகிறதென்றால் எடை போதாது. 5 கிலோ அரிசிப் பையிலிருந்து தொடங்கலாம். ஒற்றைக் காலில் 12 வரவில்லையென்றால் இரண்டு காலாலும் தூக்கி, வலிக்கும் கால் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை மாற்றுங்கள்.

இது பலிக்காமல் போகும் இடங்கள் எனக்கு அத்துப்படி. துண்டைத் தட்டையாக மடித்து வைப்பார்கள்; பெருவிரல் மேல்நோக்கி மடங்காவிட்டால் பட்டை இறுகாது, வெறும் ஆடுதசைப் பயிற்சியாகிவிடும். 3 நொடி என்பது மனசுக்குள் ஒரு நொடியாகச் சுருங்கும், கைபேசியில் நொடிமுள்ளைப் பார்த்துச் செய்யுங்கள். மேலே போகும்போது கணுக்கால் வெளிப்பக்கம் சாயும். பாரம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் விழ வேண்டும். ஆர்வக்கோளாறில் தினமும் செய்வதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். பட்டைக்கு இடைவெளி வேண்டும்.

செய்யும்போது 10க்கு 4, 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலை முதல் அடியின் வலியைத்தான் அளவுகோலாக வையுங்கள். அது வழக்கத்தைவிட ஏறியிருந்தால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். வலி போனபின்பும் வாரம் இரண்டு நாள் தொடருங்கள். மழைக்காலத்துக்கு உங்களுக்கான பதில் இதில்தான் இருக்கிறது: மார்ச்சில் தொடங்கினால் ஜூனில் பட்டை தயாராக இருக்கும்.

கூடவே, கட்டிலைவிட்டு இறங்குமுன் ஒன்று. வலிக்கும் காலை மறு முழங்கால்மேல் போட்டு, ஐந்து விரல்களையும் அதே காலின் கணைக்கால் முன் எலும்பு நோக்கி இழுத்து 10 நொடி பிடியுங்கள், 10 தடவை. மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை வீணைத் தந்தி போல விறைத்து நிற்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இழுவை போதாது. இதை நாளுக்கு மூன்று தடவை, குறிப்பாக நெடுநேரம் உட்கார்ந்து எழுமுன் செய்யுங்கள். ஆடுதசையை இழுக்கும்போது முழங்காலை நீட்டி 30 நொடி, மடக்கி 30 நொடி. இரண்டும் வேறு வேறு தசைகளுக்கு.

தாதர் பாலத்தில் வலி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் படியில் முழுப் பாதத்தையும் வைத்து ஏறுங்கள். நுனிக்காலால் ஏறினால் குதிகால் தொங்கிப் பட்டை ஓயாமல் இழுபடும்.

தாராவி காலணி

சிகிச்சையைப் பற்றி அண்ணன் மேலே சொல்லிவிட்டார். மழைச்செருப்பு விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் பாதத்தைப் படுத்துவது அதுதான்.

தோல் ஷூ நனையக் கூடாதென்று எல்லோரும் வார்ப்பு பிளாஸ்டிக் செருப்புக்கோ ரப்பர் ஸ்லிப்பருக்கோ மாறுகிறோம். அதில் குதிகால் உயரம் கிடையாது, வளைவுக்குத் தாங்கல் கிடையாது, பின்வார் கிடையாது. பின்வார் இல்லாத செருப்பை ஈரத்தில் பிடித்துவைக்க விரல்கள் ஓயாமல் கவ்விக்கொண்டே இருக்கும். மழையில் வேகமாக நடக்கவும் செய்வோம். இரண்டும் சேர்ந்தால் பாதம் தாங்காது.

கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் இரண்டாக மடங்கினால் வேண்டாம். துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், இலகுவாக முறுக்கிக்கொள்ளக் கூடாது. அடித்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். குழி அப்படியே நிற்கிறதென்றால் அந்த நுரை சீக்கிரம் செத்துவிடும். குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு செ.மீ. உயர்ந்திருந்தால் நல்லது. மழைக்குப் பின்வார் வைத்த சாண்டல் எடுங்கள், அதன் அடி ஈ.வி.ஏ. அல்லது பி.யு. என்ற நுரைப்பொருளாக இருக்கட்டும்.

எம்.சி.ஆர். செருப்பைப் பலரும் எல்லாக் குதிகால் வலிக்கும் மருந்தாக நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர், குதிகாலின் கொழுப்புத்திண்டு மெலிந்தவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அருமை. வளைவை அது தாங்காது. உங்களுக்கு எம்.சி.ஆர். மேல்தளத்தோடு வளைவுத்தாங்கல் வைத்துச் செய்ததுதான் பொருந்தும். ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனத்தில் காலணித் தாங்கல்கள் அளவெடுத்துச் செய்யும் பிரிவு இருக்கிறது. மருத்துவர் சீட்டோடு போய்க் கேளுங்கள். ஆனால் முதல் மூன்று மாதத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆயத்தத் தாங்கலே போதும். அளவெடுத்தது அதைவிடப் பெரிதாக உதவுவதில்லை. கோலாபுரிச் செருப்பை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். கெட்டித் தோல், முழுத் தட்டை.

சிலிக்கான் கப் போட்டால் இரண்டு காலுக்கும் போடுங்கள். ஒரு காலுக்கு மட்டும் போட்டால் அந்தக் கால் உயர்ந்து இடுப்பு வலி வரலாம். நனைந்தால் கழற்றிக் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் சேற்றுப்புண் வந்து நடையே மாறிவிடும்.

டாக்டரம்மா செம்பூர்

ஸ்பரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரேயில் அது இருக்கிறது. ஸ்பர் குத்துவதால் வலி வருவதில்லை, அதை வெட்டுவது சிகிச்சையும் இல்லை.

ஊசி: ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். அதற்குமேல் அதன் பலன் நீள்வதில்லை. பட்டை கிழியும் அபாயமும், குதிகால் கொழுப்பு கரையும் அபாயமும் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டால் கூடுதல். வலி தாங்காமல் பயிற்சியே தொடங்க முடியாதவருக்கு ஒரு தடவை போடுவதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு நடந்தால் தணிகிறது, ஆகவே இப்போது அவசரமில்லை. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறாவிட்டால் ஷாக்வேவ் (வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் சிகிச்சை) பார்க்கலாம், பொதுவாக வாரம் ஒன்றாக மூன்று தடவை தருவார்கள். இந்நோய் உள்ள பத்தில் எட்டுப் பேருக்குமேல் அறுவை இல்லாமலே ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.

ஆனால் குதிகால் வலி எல்லாம் இதுவே அல்ல. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் அழுத்தினால் வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம், அப்போது மேலே சொன்ன எடைப்பயிற்சி கெடுதல். எரிச்சல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலிலும் வலி, காலையில் முதுகு அரை மணிக்கு மேல் விறைப்பு என்றால் மூட்டுவாத மருத்துவரிடம் போங்கள். படுத்திருக்கும்போதும் வலி, காய்ச்சல், திடீரென்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து நீலம் பாய்ந்தால் தாமதிக்காதீர்கள்.

முலுண்ட்வாசி

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அலுவலக நாட்களில் டேப் ஒட்டினால் உதவுமா? இன்னொன்று, அம்மாவுக்கும் குதிகால் வலி. வயது 70, சர்க்கரை உண்டு. அடுக்களையில் வெறும் கால், கோயிலிலும் வெறும் கால். பாட்டில் உருட்டும் முறையை அவருக்கும் சொல்லலாமா?

சயான் பிசியோ

டேப் உதவும், முதல் வாரத்துக்குக் குறிப்பாக. 38 மி.மீ. அகலமுள்ள, இழுத்தால் நீளாத ஜிங்க் ஆக்சைடு டேப் வாங்குங்கள். நீளும் வகை பயனில்லை. பாதத்தைச் சோப்பால் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள், எண்ணெய் தடவியிருந்தால் ஒட்டாது. முதல் பட்டி சுண்டுவிரல் அடியிலிருந்து வெளிப்பக்கமாகக் குதிகாலைச் சுற்றிப் பெருவிரல் அடிக்கு. பிறகு குதிகாலுக்குச் சற்று முன்னே தொடங்கி, வெளிப்பக்கத்திலிருந்து உள்ளங்காலின் குறுக்கே உள்பக்கம் மேலே இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி 4, 5 பட்டிகள். கடைசியில் முதல் பட்டியைப் போலவே இன்னொன்று. புறங்காலைச் சுற்றி மூடிவிடாதீர்கள், இரத்த ஓட்டம் தடைபடும். நம்மூர் வேர்வைக்கு இரண்டு நாள்தான் தாங்கும். அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு ஐஸ் பாட்டில் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சர்க்கரையால் உணர்வு குறைந்திருந்தால் தோல் வெந்ததும் உறைந்ததும் அவருக்கே தெரியாது. டேப்பும் கூடாது, உரிக்கும்போது தோல் கிழியும். முதலில் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுக்களைக்கென்று தனிச் செருப்பு, வெளியே போடாதது, பூஜைக்கு முன் கழற்றும்படி வாசலில் வைத்தால் அவர் ஒப்புக்கொள்வார். இந்த வயதில் குதிகாலின் நடுவே வலித்தால் கொழுப்புத்திண்டு மெலிவாகவும் இருக்கலாம், அப்படியானால் எம்.சி.ஆர். அவருக்கு நன்றாகப் பொருந்தும். செட்டா நகர் முருகன் கோயில் போன்ற படிகள் உள்ள இடத்துக்கு நடுமதியத்தில் கூட்டிப்போகாதீர்கள், கல் சுடும். கோயிலில் கேட்டுக்கொண்டு தடித்த பருத்திக் காலுறை அணியட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் யாராவது பார்க்க வேண்டும், அவரால் குனிந்து பார்க்க முடியாது. அவருக்கு மாடிப்படிப் பயிற்சி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி விரல் இழுப்பதும், மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் தரையில் நின்று மெதுவாகக் குதிகால் தூக்குவதும், 10 வீதம் 2 சுற்று, போதும்.

டாக்டரம்மா செம்பூர்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு யாராவது குதிகாலில் ஸ்டீராய்டு போடச் சொன்னால், அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இப்யூபுரோஃபென் வகை மாத்திரைகளையும் சிறுநீரகச் சோதனை பார்க்காமல் அவருக்குக் கொடுக்காதீர்கள். அளவோடு பாராசிட்டமால் போதும்.