5000 ரூபாய்க்குள்ள ஆடாத ட்ரைபாட், பஸ்ல தூக்கிட்டுப் போற மாதிரி எது வாங்கலாம்?

காத்தாடிக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். கேமரா கேனான் 200டி மார்க் 2, கூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 ஜூம் லென்ஸ். ஊரு நாகர்கோவில் பக்கம். லீவு கெடச்சா பஸ் ஏறி கன்னியாகுமரி சூரிய உதயம், திற்பரப்பு அருவி, முப்பந்தல் காத்தாலைக் காத்தாடின்னு சுத்துறதுதான் வேலை, பைக் கிடையாது, அதனால பேக் சைடுல சொருகிட்டு நிம்மதியா உக்காந்து போற சைஸ்ல இருக்கணும். இப்ப கையில இருக்கறது ஃப்ரெண்டு குடுத்த ப்ளாஸ்டிக் ட்ரைபாட், நடுவுல குறுக்குக்கம்பி எல்லாம் போட்டு வருமே அது, காத்து லேசா அடிச்சாலே ஆட ஆரம்பிச்சிரும். பட்ஜெட் 5000, ரொம்ப இழுத்தா 6000. ஆன்லைன்ல ஒருத்தன் 8 கிலோ தாங்கும்கறான், அதே வெலையில இன்னொருத்தன் 15 கிலோங்கறான், என் கேமராவும் பெரிய லென்ஸும் சேத்தே ஒரு கிலோ வராது, அப்ப எதுக்கு இத்தன கிலோ? நான் 5 அடி 8 இன்ச், கண்ணு ஒயரத்துக்கு வரணும், சின்னதாவும் மடங்கணும்னு பாத்தா 5 செக்‌ஷன் மாடலாத்தான் வருது, அதாவது ஒரு காலே ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற அஞ்சு குழாய். கார்பன் ஃபைபர் இந்தக் காசுக்கு கெடைக்குமா?

மூணுகால்:
மக்கா, அந்த கிலோ கணக்க மொதல்ல மறந்துரு. அது அந்தந்த கம்பெனி தானே சோதிச்சு தானே போட்டுக்கற நம்பர், எல்லாரும் ஒரே மாதிரி டெஸ்ட் பண்ணித்தான் போடணும்னு ஒண்ணும் இல்ல. ஒடையாம தாங்கறது வேற, ஆடாம நிக்கறது வேற. உனக்கு வேணுங்கறது ரெண்டாவது.

பாக்க வேண்டியது கடைசி குழாய். ஒவ்வொரு செக்‌ஷனும் மேல உள்ளதுக்குள்ள நுழையணும்ல, அப்ப 5 செக்‌ஷன்ல கீழ வரும்போது சுண்டுவிரல் தடிமன்தான் மிச்சம் இருக்கும், முழுசா நீட்டினா அதுதான் மொதல்ல ஆடும், போதாததுக்கு ஒரு காலுக்கு நாலு லாக், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் லூஸ். 4 செக்‌ஷன் எடு, மடிச்சா 40-45 செமீ வரும், பேக் சைடுக்கு அது தாராளம்.

கண்ணு ஒயரம் உனக்கு எதுக்கு? 200டில ஸ்க்ரீன் திரும்புதுல்ல, நெஞ்சளவுல வச்சு மேல இருந்து பாத்துக்கலாம். சென்டர் காலம (நடுவுல ஏத்தி எறக்கற தண்டு) ஏத்தாமலே 120-125 செமீ வந்தா போதும், அதுக்கு மேல ஹெட்டும் (கேமராவ மாட்டித் திருப்பற தலை) கேமராவும் ஒக்காந்தா இன்னும் கொஞ்சம் ஏறும். ஆன்லைன்ல போடற "உயரம் 165 செமீ"ங்கறது பெரும்பாலும் காலம முழுசா தூக்கின கணக்கு. காலம தூக்கிட்டா மூணு கால் வாங்கி ஒத்தக் கால்ல நிக்க வைக்கற கதைதான்.

முடிஞ்சா கடைக்குப் போயி வாங்கு, கேமராவ கையோட எடுத்துட்டுப் போ. கால முழுசா நீட்டி லாக் போட்டு, கேமராவ மாட்டி 55-250ய 250ல வை. லைவ் வ்யூல (ஸ்க்ரீன்ல பாத்து எடுக்கற மோடு) 10 மடங்கு ஜூம் பண்ணி எதிர்ல ஒரு போர்டு எழுத்துல ஃபோகஸ் வச்சுட்டு, ஒரு காலை விரலால லேசா சுண்டு. எழுத்து துள்ளும். எல்லா ட்ரைபாட்லயும் துள்ளத்தான் செய்யும், எவ்ளோ நேரத்துல அடங்குதுங்கறதுதான் மேட்டர். ஒரு செகண்டுக்குள்ள அடங்கினா நல்ல சாமான், துள்ளிக்கிட்டே கெடந்தா கீழ வச்சுட்டு வந்துரு. டெஸ்ட் பண்ணும்போது லென்ஸ்ல ஐஎஸ் (ஆட்டத்த லென்ஸே சரி பண்ற வசதி) ஆஃப்ல இருக்கட்டும், இல்லன்னா அதுவும் பூந்து குழப்பும்.

பழைய_லென்ஸ்:
மேல சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன், ஹெட் பத்தி யாரும் பேசலையே. இந்த வெலையில கால் ஓரளவு நல்லா இருந்தாலும் கூட வர்ற பால் ஹெட் (உருண்டை மேல எல்லாப் பக்கமும் திரும்பற ஹெட்) தான் காலை வாரும். டைட் பண்ணிட்டு கைய எடுத்தா லென்ஸ் மூக்கு மெதுவா கீழ எறங்கும், ஃப்ரேம் வச்சது ஒண்ணு விழுந்தது ஒண்ணுன்னு ஆயிரும். அதனால ஹெட்டு கழட்டி மாத்தற மாதிரி 3/8 இன்ச் ஸ்க்ரூ உள்ள கால் வாங்குங்க, பின்னாடி காசு சேந்தா ஹெட் மட்டும் மாத்திக்கலாம். கேமரா அடியில மாட்டி ஹெட்ல சொருகற ப்ளேட் ஆர்க்கா ஸ்விஸ் டைப்பா இருக்கட்டும், அந்த 38 மிமீ அகல ப்ளேட் எங்கயும் கெடைக்கும். கம்பெனிக்குன்னு தனி ப்ளேட் வச்சிருக்கற ட்ரைபாட்ல ப்ளேட் தொலைஞ்சா அலைய வேண்டியதுதான்.

கார்பன் நல்லதுதான், அதிர்வ சீக்கிரம் அடக்கும், வெயிட்டும் கொறையும். ஆனா 5000க்கு கார்பன்னு சொல்லி வர்றதுல எங்கயாவது கை வச்சிருப்பான், குழாய் மெலிசா இருக்கும் இல்ல ஹெட் சொத்தையா இருக்கும். இந்த பட்ஜெட்டுக்கு அலுமினியமே போதும் தம்பி, ஒண்ணரை கிலோ ஒரு வெயிட்டா?

செகண்ட் ஹேண்டும் பாருங்க. மேன்ஃப்ரோட்டோ பீஃப்ரீ பழைய அலுமினிய மாடல் 2013ல வந்தது, 1.4 கிலோ, மடிச்சா 40 செமீ, நீங்க கேக்கற சைஸ் அப்படியே. யாராவது நல்ல கண்டிஷன்ல வித்தா விடாதீங்க. ட்ரைபாட்ல சென்சாரா இருக்கு கெட்டுப்போக, லாக் புடிக்குதா, கால் வளையாம இருக்கா, அவ்ளோதான்.

கடலோரம்:
நான் அதிகமா பீச்லதான் எடுக்கறது, அதனால லாக் பத்தி மட்டும் சொல்றேன். திருகிப் பூட்டற ட்விஸ்ட் லாக்ல மணல் பூந்தா நறநறன்னு அரைக்கும், ஆனா முழுசா கழட்டிக் கழுவலாம். மடக்கிப் பூட்டற க்ளிப் லாக் லூஸ் ஆனா சின்ன ஆலன் கீ போட்டு இறுக்கிக்கலாம், கண்ணாலயே பூட்டிருக்கான்னு தெரியும், விடியக்கால இருட்டுல அது எவ்ளோ உதவின்னு போய்ப் பாத்தாத்தான் புரியும். எது வாங்கினாலும் மணல்ல வைக்கும்போது கடைசி செக்‌ஷன மொதல்ல நீட்டுங்க, அப்பதான் லாக் மணலுக்கு மேல நிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவி, கால நீட்டியே காய வச்சுட்டு மடிங்க, உப்பு உள்ள தங்கினா அலுமினியம் பூத்துரும்.

காத்தாடிக்காடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 4 செக்‌ஷன் அலுமினியம், க்ளிப் லாக், ஆர்க்கா ப்ளேட், இதுல நிக்கறேன். இன்னொரு டவுட்டு, சென்டர் காலம் அடியில கொக்கி இருக்கே, முப்பந்தல்ல ஆடி மாசக் காத்துல பேக்க அதுல தொங்க விட்டா நிக்குமா?

மூணுகால்:
அந்தரத்துல தொங்க விடாத மக்கா, ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்துக்கு பேக் ஊஞ்சல் ஆடும், அதோட சேந்து ட்ரைபாடும் ஆடும். பேக்கோட அடி தரையில லேசா தொடற மாதிரி வாரை நீளம் பண்ணி மாட்டு. கடைசி செக்‌ஷன நீட்டவே நீட்டாத, குத்தவச்சு உக்காந்து எடு. ஒரு கால் காத்து போற பக்கம் இருக்கட்டும், சாஞ்சா அது தாங்கும். கேமரா வார கழட்டிரு, அது கொடி மாதிரி படபடன்னு அடிச்சு எல்லாத்தயும் கெடுக்கும். ஷட்டர விரலால அமுக்காத, 2 செகண்ட் டைமர் வை, இல்லன்னா போன்ல கேனான் ஆப்ல இருந்து அமுக்கு.

பழைய_லென்ஸ்:
எப்படி வச்சாலும் கேமராவ விட்டுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க தம்பி.