எம்.பி.ஏ. வகுப்பில் நடந்து, இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

கரூர்த் தறி

நானே தொடங்கிவைக்கிறேன். முதல் செமஸ்டர், கணக்கியல். ஆளுக்கொரு நிறுவனத்தின் கணக்கைக் கொண்டுவந்து நடைமுறை மூலதனச் சுழற்சியை, அதாவது தொழிலில் போட்ட பணம் திரும்பிவர எத்தனை நாள் என்பதைப் போட்டுக்காட்ட வேண்டும். மற்றவர்கள் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையோடு வந்தார்கள். நான் அப்பாவின் விசைத்தறிக் கணக்கை எடுத்துப்போனேன். நூல் துணியாகிக் கைமாற 40 நாள். ஏற்றுமதியாளரிடமிருந்து பணம் வர 110 நாள். நூல்கடைக்காரர் பொறுப்பது 30 நாள்தான். கூட்டிக் கழித்தால் 120. லாப நட்டக் கணக்கில் என்னவோ நல்ல லாபம்.

ஆசிரியர் அந்த 120-ஐ வட்டமிட்டு, "இத்தனை நாளும் தறி ஓடுவது யார் பணத்தில்?" என்றார். முன்வரிசையில் ஒருவன் "வங்கி" என்றான். நான் "நகைக்கடன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "யாருடைய நகை?" என்று கேட்டார்.

அம்மாவுடையது. அந்த வட்டி அப்பாவின் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறியதே இல்லை. அன்றிரவு விடுதியில் அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். லாபத்தில் பாதிகூட மிஞ்சவில்லை.

ஓ.எம்.ஆர். வாசி

எனக்கு அந்த பீர் விளையாட்டு. சரக்கு ஆலையிலிருந்து கடைவரை போகும் சங்கிலியைப் புரியவைக்க ஆடுவது. ஆடியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் வரிசையாக உட்கார வேண்டும். பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான் கைமாறும். தேங்கும் பெட்டிக்கும் அபராதம், கொடுக்க முடியாத பெட்டிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. எங்கள் பேராசிரியை பீர் வேண்டாமென்று மோராக மாற்றிவிட்டார். கணக்கு அதேதான்.

நான் ஆலை. சீட்டில் முதலில் 12 வந்தது, பிறகு 20, பிறகு 35. வெறிபிடித்தவன்போல் மோர் கடைந்தேன். திடீரென்று பூஜ்யம். அடுத்த சீட்டும் பூஜ்யம். அதற்கடுத்ததும். எனக்குச் சீட்டு அனுப்பிய விநியோகஸ்தன் என் அறைத்தோழன். நான் அவனை முறைக்க, அவன் மொத்த வியாபாரியை முறைக்க, பேசக் கூடாது என்ற விதி காற்றில் போயிற்று.

முடிந்ததும் பேராசிரியை வாடிக்கையாளரின் சீட்டுக்கட்டைப் பிரித்துக் காட்டினார். 4, 4, 4, 4. பிறகு 8. அதன்பின் கடைசிவரை 8 மட்டுமே. ஒரே ஒரு முறைதான் மாறியிருக்கிறது! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் காலத்திலிருந்து ஆடிவரும் விளையாட்டு இது. ஆடியவர்கள் எல்லோரும் பக்கத்து நாற்காலிக்காரனைத்தான் திட்டியிருப்பார்கள். என் நண்பன் இன்றைக்கும், "நீ சரக்கை நேரத்துக்கு அனுப்பியிருந்தால் நான் ஏன் கூட்டிக் கேட்கப்போகிறேன்?" என்கிறான்.

வைகைக்கரை

நான் மதுரைக்காரி. எங்களுக்கு வந்தது அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய கேஸ் (வகுப்பில் விவாதிக்க எழுதப்பட்ட நிஜ நிறுவனக் கதை), ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய கதை, பணம் கட்டுவோரின் வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவசச் சிகிச்சை, ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயார் என்பதெல்லாம் இங்கே பலருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

ஒரு மாணவன், இலவசப் பிரிவைக் குறைத்தால் உபரி எவ்வளவு ஏறும் என்று எக்செல்லில் போட்டுக்கொண்டு வந்தான். திரையில் இலவசப் பிரிவின் பத்தி முழுக்கச் சிவப்பு. என் பாட்டி ஊரில் நடந்த முகாமிலிருந்து பஸ்ஸில் போய், லென்ஸ் வைத்துக்கொண்டு வந்தவள். திரும்பியதும் முதல் வேலையாக என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தழும்பு எப்போதடி வந்தது?" என்று கேட்டாள். அவளும் அந்தச் சிவப்பில் ஒரு எண்.

ஆசிரியர் அவனை மறுக்கவில்லை. "இத்தனை கூட்டம் இல்லாவிட்டால் மருத்துவர்களுக்கு அந்தக் கைவேகம் எங்கிருந்து வரும்? 1992-இல் ஆரோலாப் என்ற தங்கள் சொந்த ஆலையைத் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய எந்தத் தைரியத்தில் இறங்கியிருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். பையன் நிறத்தை மாற்றவில்லை. மதிப்பெண்ணும் அவனுக்குத்தான் கூடுதல்.

பீளமேடு

வைகைக்கரை, கோபிக்க வேண்டாம். அந்தப் பையன் கேட்டதில் என்ன தப்பு? கேஸ் வகுப்பில் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றால்தான் பேச்சே நடக்கும். அவன் போடாவிட்டால் ஆசிரியரே அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்.

கரூர்த் தறி அவர்களுக்கு: 110 நாள் கடன் கொடுப்பது உங்கள் அப்பாவின் தலையெழுத்தா என்ன? குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்ற பிரிவால் ஒரு பிடியைப் போட்டது. கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். வணிகச் சட்டப் பாடத்தை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் அனுபவம். இதற்குமேல் என்னிடம் கதை கிடையாது.

கரூர்த் தறி

சட்டம் எனக்கும் தெரியும் ஐயா. அப்பாவிடம் சொன்னேன். "நோட்டீஸ் அனுப்பிவிட்டு அடுத்த ஆர்டருக்கு அதே வாசலில் போய் நிற்பது நீயா நானா?" என்றார். அதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது என்று சொல்லுங்கள், படிக்கிறேன்.

இரண்டாம் இன்னிங்ஸ்

வங்கி வேலையில் இருந்துகொண்டே, நாற்பது வயதுக்குமேல் மாலை நேரக் கல்லூரியில் படித்தவன் நான். மனிதவள வகுப்பில் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தில் அதன் தலைவர் ஜாக் வெல்ச் நடத்திய 20-70-10 முறையை (மேல் 20 சதவீதம், நடு 70, வெளியேற்ற வேண்டிய கடைசி 10 என்று ஊழியர்களைத் தரம் பிரிப்பது) எங்கள் குழுவுக்குள்ளேயே செய்யச் சொன்னார்கள். பத்துப் பேரில் ஒருவரைக் கடைசியில் போட்டே தீர வேண்டும். இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், "என்னைப் போட்டுவிடுங்கள், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது" என்றார். போட்டுவிட்டோம்.

அது கிடக்கட்டும். இதைப் படிக்கும் பிள்ளைகள் சேருமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாண்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான். கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல், நிதி, உற்பத்தி மேலாண்மை. பொறியியல் படித்தவன் புள்ளியியலில் தூங்குவான், பற்று வரவில் விழிபிதுங்குவான். பி.காம். படித்தவனுக்கு நேர்மாறு. ஆகவே இரண்டு பேரையும் சேர்த்துப் படிப்புக் குழு அமையுங்கள். நிதிப் பாடத்தில் நிகர இன்றைய மதிப்பை வாய்ப்பாடாக உருப்போடாதீர்கள். இன்று கையில் வரும் நூறும் ஐந்து வருடம் கழித்து வரும் நூறும் ஒன்றல்ல என்பது எந்தச் சீட்டுக்காரருக்கும் தெரிந்த சங்கதி. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுவிகிதம் ஏன் 10, ஏன் 14 என்று கேளுங்கள், அங்கேதான் எல்லாப் புரட்டும் நடக்கும். இரண்டாமாண்டில் விருப்பப் பாடம் எடுக்கும்போது நண்பன் எடுத்தான் என்று எடுக்காதீர்கள். அனலிடிக்ஸ் என்ற பெயரைக் கண்டதும் ஓடுகிறார்கள், ரெக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்ற புள்ளியியல் கணக்கு) முடிவில் எந்த எண்ணை நம்புவது என்று கேட்டால் விழிக்கிறார்கள். கோடைக்காலப் பயிற்சிக்குப் பெரிய பெயரைத் தேடி அலைந்து, அங்கே கோப்பு அடுக்கிவிட்டு வராதீர்கள். மனிதவளம் சுலபம் என்று யாராவது சொன்னால் தொழிலாளர் சட்டப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.

வைகைக்கரை

ஐயா, அந்த அம்மா அடுத்த செமஸ்டர் வந்தாரா? அதைச் சொல்லாமல் தள்ளுவிகிதத்துக்குப் போய்விட்டீர்களே.

பீளமேடு, எதிர்ப்பக்கம் நிற்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அவன் விடைபெறும் நாள்வரை அந்தப் பக்கமேதான் நின்றான்.

பனியன் நகரம்

சண்டைக்கு நடுவில் என்னுடையது. நிறுவன நடத்தையில் ஹாத்தார்ன் ஆய்வு எல்லோரும் படித்ததுதான். 1924-இல் அமெரிக்காவின் ஹாத்தார்ன் ஆலையில் தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, யாரோ கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று தேர்வுக்கு நெட்டுருப் போட்டிருந்தேன். கோடைப் பயிற்சிக்குத் திருப்பூரில் ஒரு தையல் ஆலை. ஒரு லைனில் எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்து எழுத வேண்டும். கையில் அட்டையும் ஸ்டாப்வாட்சுமாய்ப் போய் நின்றேன்.

காலர் தைக்கும் அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நூல் மாற்றக்கூட ஹெல்பரைக் கூப்பிடவில்லை, தாமே பல்லால் கடித்துக் கோத்துக்கொண்டார். அந்த வாரம் பீஸ் எண்ணிக்கை எகிறியது. எதையும் மாற்றச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அடுத்த வாரம் அலுவலக அறையில் உட்கார்ந்து அறிக்கை தட்டினேன், எண்ணிக்கை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

ஹாத்தார்ன் கதையை மேலாளரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியானால் படிப்பு முடிந்ததும் இங்கேயே வந்துவிடுங்கள் தம்பி, அந்த அட்டையோடு நின்றால் போதும்" என்றார். சம்பளமும் சொன்னார்.